பதினேழாம் எண் மூடி

ஜனவரி 6, செவ்வாய்

வாஷிங் மிஷின், தன் மூடி திறந்திருப்பதாகச் சொல்லி நின்றுவிட்டது. மூடியிருக்கிறது. நான் மூன்று முறை திறந்து மூடிக் காட்டினேன். மகள் மித்ரா அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து பார்த்தாள். அது நம்புவதாக இல்லை. மெக்கானிக் பொங்கல் முடிந்துதான் வருவாராம்.

அலுவலகத்தில் இன்று '45' என்று எழுதிய பலகையை மாட்டினார்கள். இன்னும் நாற்பத்தைந்து நாளில் எங்கள் 'உள்ளான்' விண்கலம் ஒரு குறுங்கோளில் இறங்க வேண்டும். குறுங்கோளுக்குப் பெயர் கிடையாது, ஒரு நீளமான எண்தான். முதல் படம் வந்த அன்று கேன்டீன்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, சேனைக்கிழங்கா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு அது சேனை. அரை கிலோமீட்டர் நீளச் சேனை.

இறங்கும் அன்று டிவி நேரலையில் தமிழில் விளக்கம் சொல்ல என்னைப் போட்டிருக்கிறார் சாதிக் சார். திட்டத் தலைவர் அவர், அவரே பேசியிருக்கலாம். "உங்களுக்குத்தான் சுகந்தி, ஜனங்களுக்குப் புரியற மாதிரி பேச வரும்" என்றார். பட்டா, காட்டனா என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். வெட்கமில்லாதவள்.

ஜனவரி 9, வெள்ளி

என் வீட்டுக்காரர் விஜயவாடாவிலிருந்து காலை ரயிலில் வந்தார். விதைக் கம்பெனி வேலை, மாதத்தில் பாதி நாள் ஊர் சுற்றல். நாங்கள் ஓசூருக்குக் குடிவந்தும் இதே கதைதான். அழுக்குத் துணி எடுக்கப் பெட்டியை இழுத்தேன். கைப்பிடியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"அதுவா? உன் பழைய சாப்பாட்டுப் பையில கெடந்துச்சு. ஸ்டேஷன்ல எல்லார் பெட்டியும் கறுப்பு. அடையாளத்துக்குக் கட்டினேன். ரெண்டு மூணு வருசமா அதுலதானே இருக்கு, நீ பாக்கலையா?"

பார்க்கவில்லை. பார்த்திருப்பேன், பார்த்ததாக மூளைக்கு ஏறவில்லை. அழுக்கு ஏறிப் பழுப்பாகிவிட்டது. ஆனாலும் வெள்ளை எழுத்துத் தெரிகிறது. 'பறக்கும் முன் அகற்று' என்று ஆங்கிலத்தில். அதன் கீழே ஓர் எண்: 17.

இதைப் படிக்கப்போகிறவள் நான்தான், இருந்தாலும் தெளிவாக எழுதி வைக்கிறேன். விண்கலத்தில் லென்ஸ், குழாய் வாய் என்று தூசு படக்கூடாத இடத்துக்கெல்லாம் ஒரு சிவப்பு மூடி போட்டிருப்போம். ஒவ்வொரு மூடியிலும் எண் போட்ட ரிப்பன் ஒன்று தொங்கும், கண்ணுக்குத் தப்பாமல் இருக்க. ஏவுவதற்கு முன் மூடியைக் கழற்றி, ரிப்பனை உருவி, சுவர்ப் பலகையில் அதே எண் கொக்கியில் மாட்ட வேண்டும். மூடி ஒரு டப்பாவுக்குப் போகும். டப்பாவில் உபரி மூடிகளும் கிடக்கும், அதனால் அதை யாரும் எண்ணுவதில்லை. கொக்கிகளைத்தான் எண்ணுவோம். நாற்பத்துமூன்று மூடி, நாற்பத்துமூன்று கொக்கி. எல்லாக் கொக்கியும் நிரம்பினால் கலம் பறக்கலாம். எண்ணிக் கையெழுத்துப் போட்டவள் டெக்னீஷியன் பிரிசில்லா. பிரிசில்லா எண்ணினால் தப்பாது.

ஆகவே பதினேழாம் ரிப்பன் பலகையில் இருக்கிறது. இது ஏதோ உபரி.

ஜனவரி 10, சனி

உபரி ரிப்பனில் எண் அச்சடிப்பதில்லை.

ஜனவரி 12, திங்கள்

துணியெல்லாம் கையால் துவைத்து முதுகு போய்விட்டது.

17 என்பது லேசர் உயரமானி. எனக்கு அது தெரியாதது போல வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் இரண்டு கண்கள். ஒரு கண் ஒளியை அனுப்பும். அது தரையில் பட்டுத் திரும்பும். இன்னொரு கண் வாங்கிக்கொள்ளும். போய் வந்த நேரத்தை வைத்துத் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று உள்ளான் தெரிந்துகொள்ளும். பதினேழாம் மூடி அந்த வாங்கும் கண்ணுக்கு உரியது.

அந்த மூடி அங்கேயே இருந்தால் எதுவும் திரும்பி வராது. எதுவும் வராவிட்டால் தரை இன்னும் வெகு தூரம் என்று உள்ளான் நினைக்கும், வேகத்தைக் குறைக்காது. வேகம் என்றால் பெரிய வேகமில்லை, மனிதர் நடக்கிற வேகம்தான். ஆனால் சேனைக்குப் பிடித்து வைக்கும் சக்தி கிடையாது. அதன்மேல் நின்று ஓர் ஆள் எம்பிக் குதித்தால் திரும்ப வரமாட்டார். நடக்கிற வேகத்தில் போய் இடித்தால் உள்ளான் எகிறிப் போய்விடும். அவ்வளவுதான், எட்டு வருஷ வேலை.

மூன்று வருஷமாக மாதம் ஒருமுறை அந்த லேசரைச் சோதிக்கிறோம். ஒவ்வொரு மாதமும் ஒரே பதில்: எதிரே ஒன்றுமில்லை. சரியான பதில். வெட்டவெளியில் எதிரே என்ன இருக்கும்? மூடி இருந்தாலும் அதே பதில்தான் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி ஐந்து கிலோமீட்டரில்தான் தெரியும். அப்போது இங்கிருந்து ஒரு கட்டளை போய்ச் சேரப் பதினான்கு நிமிஷம் ஆகும். பயனில்லை.

மூடி கழற்றப்பட்டுவிட்டது. நான்தான் கழற்றினேன். வயிற்றுப் பகுதி மூடிகள், 12 முதல் 20 வரை, என் பொறுப்பு. ரப்பர் வளையம் விடும்போது 'பொக்' என்று ஒரு சத்தம் வரும். அது காதில் அப்படியே இருக்கிறது.

ஜனவரி 14, புதன், போகி

மூடிகளைக் கழற்றிய மாதத்து டைரியை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய டைரிகள் பரணில் இருக்கின்றன. ஏணி பக்கத்து வீட்டில் இருக்கிறது. அவர்கள் வெள்ளையடிக்கிறார்கள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. அவர் சந்தோஷப்பட்டார்.

ஜனவரி 18, ஞாயிறு

ஏணியை அவர்களே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். இனிச் சாக்கு இல்லை.

மூன்று வருஷத்துக்கு முந்தைய மார்ச். அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

'மார்ச் 11. பதினேழாம் ரிப்பன் தையல் விட்டுக் கையோடு வந்துவிட்டது. ஸ்டோரில் சொல்லி அதே எண் அச்சடித்துப் புதிது வாங்கினேன். அதைத் தொலைத்துவிடக் கூடாதென்று பலகையில் அதன் கொக்கியிலேயே மாட்டி வைத்தேன். நாளைக்கு மூடியில் கோர்க்க வேண்டும். மித்ரா பள்ளியிலிருந்து போன். உடம்பெல்லாம் கொப்புளமாம்.'

அதற்குப் பிறகு ஐந்து நாள் ஒன்றும் எழுதவில்லை. அம்மை. வேப்பிலையும் நானுமாக வீட்டில் கிடந்தேன்.

'மார்ச் 17. வேலைக்குப் போனேன். மூடிகள் கழற்றும் நாள் இன்று என்று வாசலில்தான் தெரிந்தது. முடித்துவிட்டோம். பிரிசில்லா நாற்பத்துமூன்று என்று கத்தியதும் எல்லாரும் கைதட்டினார்கள். தலைவலி.'

புது ரிப்பன், மூடியைக் கழற்றும் முன்பே கொக்கியில் தொங்கியிருக்கிறது. பழைய ரிப்பனை நான் சாப்பாட்டுப் பையில் போட்டிருக்கிறேன். பதினேழாம் தேதி பலகையைப் பார்த்து எது பாக்கி என்று கழற்றிக்கொண்டு போயிருப்பேன். கொக்கியில் ரிப்பன் தொங்கினால் மூடியைக் கழற்றியாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அந்த யாரில் ஒருத்தி.

அல்லது வரிசையாகப் பன்னிரண்டு, பதிமூன்று என்று கழற்றிக்கொண்டே வந்திருப்பேன், பலகையைப் பார்க்காமல். அப்படியும் செய்வதுண்டு. அப்படித்தான் செய்திருப்பேன் என்று தோன்றுகிறது. தோன்றுகிறது என்பதை எதில் எடுத்துக்கொள்வது?

ஜனவரி 19, திங்கள்

இன்று முழுவதும் நினைவுபடுத்திப் பார்த்தேன். கையுறைக்குள் விரல் நுனியில் ஒரு குளிர்ச்சி, 'பொக்' சத்தம், கறுப்பு லென்ஸில் என் மூக்கு பெரிதாகத் தெரிந்தது. எல்லாம் இருக்கிறது. ஆனால் சோதனைக் காலத்தில் அந்த மூடியை நாற்பது முறையாவது கழற்றி மாட்டியிருப்பேன். இந்த மூக்கு எந்த நாளைய மூக்கு என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் படம் இன்னும் துலக்கமாகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. நானே வரைந்துகொண்டிருக்கிறேனோ?

கழற்றியதற்குப் படிவம் உண்டு. ஆவண அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. லிஃப்ட் வேலை செய்யவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

லிஃப்ட் சரியாகிவிட்டது.

படிவத்தில் 17ஆம் வரியில் 'கழற்றியவர்' கட்டத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. ஒரு நிமிஷம் உயிர் வந்தது. பிறகு 12 முதல் 20 வரை பார்த்தேன். ஒன்பது ஒப்பமும் ஒரே பேனா, ஒரே சாய்வு, கீழே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிறுக்கல். வேலை முடிந்தபின் உட்கார்ந்து ஒரே மூச்சில் போட்டிருக்கிறேன். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். கையுறையோடு ஒவ்வொரு வரிக்கும் பேனா தேட முடியுமா?

பக்கத்துக் கட்டத்தில் 'எண்ணியவர்' என்று பிரிசில்லாவின் கையெழுத்து, நாற்பத்துமூன்று முறை, ஒவ்வொன்றும் முத்து முத்தாக. அவள் மட்டும் வரி வரியாகப் போட்டிருக்கிறாள்.

ஜனவரி 21, புதன்

பிரிசில்லாவோடு கேன்டீனில் காப்பி. தினமும் பதினோரு மணிக்கு நாங்கள் இருவரும் குடிப்பது வழக்கம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஓசூர் வந்து பன்னிரண்டு வருஷமாகியும் பேச்சு மாறவில்லை.

"மேடம், சூப்பர்வைசர் லிஸ்ட்ல எம் பேரு இருக்காம். அடுத்த மாசம் வருதுன்னு சொல்லுதாங்க."

"உங்களுக்கு வராம யாருக்கு வரும்?"

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க, கண்ணு பட்டுரும்." சிரித்தாள். எனக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தாள்.

நான் இப்போது வாயைத் திறந்தால் முதலில் கேட்பது, எண்ணியது யார் என்றுதான். அவள் பதவி உயர்வு போய்விடும். அவளுக்காகத்தான் யோசிக்கிறேன். இல்லாவிட்டால் என்றோ சொல்லியிருப்பேன்.

புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். நீல காட்டன்.

ஜனவரி 23, வெள்ளி

லேசரின் மூன்று வருஷத் தரவையும் எடுத்துப் பார்த்தேன். வாங்கும் கண்ணில் ஒளி எதுவும் வராதபோதும் கொஞ்சம் இரைச்சல் பதிவாகும். எதிர்பார்த்ததில் பாதிதான் இருக்கிறது. மூடி இருந்தால் குறையும். குளிரினாலும் குறையும் என்று தயாரித்தவர்களின் கையேட்டில் இருக்கிறது. அந்த வரியை ஆறு முறை படித்தேன்.

மாற்று வழி ஒன்று உண்டு. லேசரை நம்ப வேண்டாம், கேமராக்களை மட்டும் வைத்து இறங்கு என்று உள்ளானுக்குச் சொல்லலாம். பாறை நிழல்கள் கேமராவைக் கொஞ்சம் ஏமாற்றும், அதனால் அதை இரண்டாம் பட்சமாக வைத்திருக்கிறோம். லேசர் நன்றாக இருக்கும்போது அதை நம்பாதே என்று சொல்வதும் ஒரு தவறுதான். மூடி இல்லாவிட்டால், என் சந்தேகத்தால் கலத்தின் நல்ல கண்ணைக் கட்டிவிட்டவள் ஆவேன். மூடி இருந்தால், என் மௌனத்தால் அதைக் கொன்றவள் ஆவேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நிற்கிறேன்.

கட்டளைப் பட்டியலை 29ஆம் தேதி பூட்டுகிறார்கள். அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். சாதிக் சார் தனியாக இருந்தார். பக்கத்தில் போனேன். "நேரலை ஒத்திகை எப்ப சார்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "இதுல யோசிக்க என்ன இருக்கு சுகந்தி? போய்ச் சொல்லு" என்றார். ஏதோ பால்காரரிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்லுவது மாதிரி. கோபம் வந்தது. ரிப்பனை எடுத்துப் பெட்டியில் கட்டியவர் அவர்தானே, அன்றே என்னிடம் காட்டியிருந்தால் என்ன என்று சண்டை போட்டேன். நியாயமே இல்லாத சண்டை. அவர் எழுந்து போய் என் சுடிதார்களை அலசிப் போட்டார்.

ஜனவரி 27, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

"சார், பதினேழாம் மூடி விஷயத்துல எனக்கு ஒரு சந்தேகம். ரிப்பன் எண்ணிக்கையில ஏதோ குளறுபடி நடந்திருக்கலாம். மூடி அப்படியே இருக்க வாய்ப்பு இருக்கு."

சாதிக் சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இப்ப ஏன் இந்தச் சந்தேகம்?"

"பழைய தரவைப் பாத்தேன் சார். இரைச்சல் பாதிதான் இருக்கு."

"எண்ணினது யாரு?"

"படிவத்துல இருக்கும் சார்."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "கேமரா வழிக்கு மாத்திடலாம். காரணம் லேசர்ல தூசு படியற ஆபத்துன்னு போட்டுக்கலாம். மூடின்னு வெளிய போனா சிரிப்பா சிரிச்சிடுவாங்க. நல்லவேளை சொன்னீங்க" என்றார்.

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 29, வியாழன்

புதிய கட்டளைகள் போய்ச் சேர்ந்தன. கேமரா மட்டும்; லேசர் வழக்கம்போல் அளக்கும், உள்ளான் அதை நம்பாது. உள்ளான் 'பெற்றுக்கொண்டேன்' என்று பதில் அனுப்பியது. மனசு லேசாகிவிட்டது. மித்ராவுக்குப் பிடித்த தக்காளிச் சாதம் செய்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பிரிசில்லா பதினோரு மணிக்கு வரவில்லை. சாதிக் சார் கூப்பிட்டிருக்கிறார் என்றார்கள். நான் காப்பியை வாங்கிக்கொண்டு என் இடத்திலேயே குடித்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

சூப்பர்வைசர் பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. 'பரிசீலனையில்' என்று போட்டிருக்கிறார்களாம். பரிசீலனை என்றால் மறுப்பு இல்லையே. உள்ளான் இறங்கியபின் எல்லாம் சரியாகும். மூடி அங்கே இல்லை என்று தெரிந்துவிட்டால் அவளுக்கு உடனே கொடுத்துவிடுவார்கள். நானே போய்ப் பேசுவேன்.

வாஷிங் மிஷின் மெக்கானிக் இன்றும் வரவில்லை.

பிப்ரவரி 11, புதன்

கலங்களைத் தயார் செய்யும் தூய அறைப் பக்கம் போனேன். அந்தப் பழைய பலகை இன்னும் அதே சுவரில் இருக்கிறது. அடுத்த கலத்துக்கும் அதுதான். வெறும் கொக்கிகள். அதன் முன்னால் பிரிசில்லா நின்று ஒவ்வொரு கொக்கியாகத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம். அன்னைக்கு எப்படி எண்ணுனேன்னு பாத்துட்டு இருக்கேன். சார் கேட்டாங்க, எதையாவது விட்டுட்டியாம்மான்னு. இல்ல சார்னு சொன்னேன். வீட்டுக்குப் போனா நெஜமாவே விட்டுட்டேனோன்னு வருது. பதினேழத் தொட்ட மாதிரியே இருக்கு, தொடாத மாதிரியும் இருக்கு. கிறுக்கு பிடிச்சிரும் போல."

எனக்கு அந்தக் கிறுக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அவள் தோளைத் தொட்டேன். "போட்டு அலட்டிக்காதீங்க" என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது?

பிப்ரவரி 19, வியாழன்

ரவிக்கை கை இறுக்கம். பிரித்து விட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

நடந்ததை விடாமல் வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் ஒன்றரைக்கு நேரலை தொடங்கியது. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நானும் தொகுப்பாளரும், அந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறை. பின்வரிசையில் டெக்னீஷியன்கள் நின்றார்கள், பிரிசில்லாவும். இறங்கும் வழியை விளக்கினேன். சேனைக்கிழங்கு கதை சொன்னேன். தொகுப்பாளர் சிரித்தார்.

ஐந்து கிலோமீட்டர். திரையில் லேசர் என்ற இடத்தில் கோடு மட்டும். நான்கு கிலோமீட்டர், கோடு. ஒன்று, கோடு.

அந்த நிமிஷத்தில் எனக்கு உறுதியாகிவிட்டது. மூன்று வருஷமாகக் காதில் இருந்த 'பொக்' சத்தம் பொய்.

"மேடம், லேசர் ஏன் பதில் தரலை?" என்று தொகுப்பாளர் கேட்டார்.

"விண்வெளியில இப்படி நடக்கறதுண்டு. அதனாலதான் முன்கூட்டியே கேமராவுக்கு மாத்தியிருக்கோம்" என்றேன். குரல் நடுங்கவே இல்லை. லட்சக்கணக்கான பேர் பார்க்க, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னேன்.

2:47. தொட்டுவிட்டது. ஒரு சின்ன எகிறல், பிறகு நின்றது. அறையே எழுந்து நின்றது. எல்லாரும் சாதிக் சாரைக் கட்டிக்கொண்டார்கள், என்ன தொலைநோக்கு என்று. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான். உள்ளான் பிழைத்துவிட்டதே என்ற சந்தோஷம் நிஜமாகவே இருந்தது.

பிறகு கால் பக்கக் கேமராவின் முதல் படம் வந்தது. சாம்பல் தரை, சரளைக் கற்கள், உள்ளானின் ஒரு கால். காலுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், அந்தரத்தில் ஒரு சிவப்பு வட்டம். கீழே அதன் நிழல். அரை நிமிஷம் கழித்து அடுத்த படம், வட்டம் கொஞ்சம் கீழே. அடுத்தது, இன்னும் கொஞ்சம். சேனையில் ஒரு பொருள் முழங்கால் உயரத்திலிருந்து தரைக்கு வர ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். குளிரில் ரப்பர் வளையம் இற்றுப்போய், இறங்கிய அதிர்ச்சியில் விட்டிருக்கிறது. கடைசிப் படத்தில் அது தரையில் குப்புறக் கிடந்தது.

"மேடம், அந்தச் சிவப்பா இருக்கறது என்ன?"

"பாத்துட்டுச் சொல்றோம்" என்றேன். கண்ணாடிக்கு அப்பால் பிரிசில்லா திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரலை முடிந்து வெளியே வந்தபோது நடைவழியில் நின்றிருந்தாள்.

"மேடம், அது நம்ம பதினேழு." கேட்கவில்லை, சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அப்ப நான்தான் விட்டுட்டேன். ஆனா ரிப்பன் தொங்குச்சு மேடம். சத்தியமாத் தொங்குச்சு. நான் பாத்து எண்ணுதவ இல்ல, தொட்டு எண்ணுதவ."

அவள் தன்னையே பிடித்துக் குற்றக்கூண்டில் ஏற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்தபின் என்னால் முடியவில்லை.

"தொங்குச்சு. அது புது ரிப்பன். மூடியைக் கழட்டறதுக்கு முன்னாடியே நான்தான் மாட்டி வெச்சேன். பழசு எங்க வீட்டுல இருக்கு. உங்க எண்ணிக்கை சரி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"ஜனவரி ஒம்பது."

விரல் விட்டு எண்ணினாள். அந்த நேரத்திலும் எண்ணினாள். "நாப்பத்திரெண்டு நாளு" என்றாள். "எங்கூடக் காப்பி குடிச்சீங்க. எந்தோளத் தொட்டு அலட்டிக்காதன்னு சொன்னீங்க."

"பிரிசில்லா..."

"சார் என்னக் கூப்பிட்டுக் கேட்டப்பவும் தெரியும்."

"தெரியும்."

அவள் திட்டியிருக்கலாம். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று ஜனவரி 21இல் எழுதியிருக்கிறேன். இப்போது படித்துப் பார்த்தேன். அதே பக்கத்தில், அடுத்த வரியில், நீல காட்டன்.

பிப்ரவரி 21, சனி

காலையில் எல்லா டிவியிலும் சிவப்பு வட்டம். ஒரு சேனலில் இரும்புத் தாது என்கிறார்கள். இன்னொன்றில் வேற்றுக்கிரகத்தார் வைத்த அடையாளம். "அம்மா, நெஜமா என்னம்மா அது?" என்று மித்ரா கேட்டாள்.

"நான் கழட்ட மறந்த மூடி" என்றேன். முதல் தடவை சொன்னபோது வாய் கூசியது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அவர் பெட்டியிலிருந்து ரிப்பனை அவிழ்த்தேன். சனிக்கிழமையானாலும் எல்லாரும் வந்திருந்தார்கள். முதலில் ஆவண அறைக்குப் போய்ப் படிவத்தை எடுத்தேன். பிறகு பிரிசில்லாவின் மேசைக்குப் போய், "என்கூட சார் ரூம் வரைக்கும் வர முடியுமா?" என்று கேட்டேன். எழுந்து வந்தாள்.

சாதிக் சாரின் மேசையில் ரிப்பனை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மை, கொக்கி, பரண், பெட்டி, எதையும் விடவில்லை. 'எண்ணிக்கையில் குளறுபடி' என்று நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

அவர் ரிப்பனைத் தொடவில்லை. "இறங்கியாச்சு சுகந்தி. கலம் நல்லா இருக்கு. இப்பப் போய் இதை எதுக்குக் கிளறணும்? அவங்க பதவி உயர்வை நான் பாத்துக்கறேன். நீங்க அடுத்த திட்டத்துக்குத் தலைமை ஏத்துக்க வேண்டியவங்க."

"படிவம் தப்பா இருக்கு சார். திருத்தணும்."

"மூணு வருசம் முன்னாடி மூடின படிவம். திருத்தினா விசாரணை வரும். உங்க பேருலதான் வரும்."

"தெரியும் சார்."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அடுத்த திட்டம் என்ற வார்த்தை காதில் விழுந்தபோது ஒரு நொடி தயங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிரிசில்லாதான் பேனாவை நீட்டினாள். நேற்றிலிருந்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. "அடிச்சு எழுதணும்னா ஒத்தக் கோடு. பழசு தெரியணும். மேல ஒப்பம் போடுங்க."

17ஆம் வரியில் என் பழைய ஒப்பத்தின் மேல் ஒற்றைக் கோடு போட்டேன். 'கழற்றியவர்' கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அவளைப் பார்த்தேன்.

"யாரும் கழட்டல. தானா விழுந்துச்சு. அப்படியே எழுதுங்க."

எழுதினேன். தேதி: பிப்ரவரி 20. நேரம்: 2:47. கடைசியில் 'இடம்' என்று ஒரு கட்டம். மற்ற நாற்பத்திரண்டு வரியிலும் 'தூய அறை 2' என்று இருந்தது. நான் 'சேனை' என்று எழுதப் போனேன்.

"அது நாம வெச்ச பேரு மேடம். நம்பர் எழுதுங்க."

அந்த நீளமான எண்ணை எழுதினேன். எட்டு வருஷத்தில் முதல் முறையாக எதையும் பார்க்காமல் எழுதினேன்.

அவள் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். உடனே கையெழுத்துப் போடவில்லை. முதல் வரியிலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்து உரக்க எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. பதினேழில் விரல் கொஞ்சம் கூடுதலாக நின்றது. நாப்பத்திமூணு என்று சொல்லி முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.